கொலை விழும் கடைகள்: எதில் கணக்கு வைக்கலாம்?

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை எங்கள் கடையில் ஈ ஓட்டும் நேரம். மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருபது வருஷமாக மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளவுஸ் பிட், ஃபால்ஸ், லைனிங், ஹூக், நூல்கண்டு, இவ்வளவுதான் சரக்கு. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ரங்கநாதன் தெரு இருக்கும்போது இந்தப் பக்கம் வருகிறவர்கள் கூட்டத்துக்குப் பயந்தவர்கள். இல்லாவிட்டால் நாளைக் காலை முகூர்த்தத்துக்கு இன்று சாயங்காலம் ஃபால்ஸ் தேடுகிறவர்கள். இரண்டு வகையும் மத்தியானத்தில் வராது. அப்போதுதான் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து படிப்பேன்.

அந்தப் பழக்கம் இப்போது ஐந்து பேருக்குத் தொற்றிவிட்டது. பேங்க்கில் இருந்து ரிட்டயரான மாமி, ஒரு ஸ்கூல் டீச்சர், என் நாத்தனார், எதிர் மெடிக்கல் ஷாப் தம்பி, நான். எல்லோரும் காசு போட்டு ஒரு புத்தகம் வாங்குவோம், ஆளுக்கு ஒரு வாரம் சுற்றில் விடுவோம். இந்த வருஷம் ஐப்பசி மழையில் ஆரம்பித்துப் பொங்கல் வரை ஓடுகிற மாதிரி ஒரு துப்பறியும் தொடராகப் பிடிக்கலாம் என்று பேச்சு வந்தது. மாமி உடனே நிபந்தனை போட்டுவிட்டார்: “கொலை இருக்கணும். ஆனா ரத்தம் என் மடியில சிந்தக் கூடாது.” டீச்சருக்கு இங்கிலீஷ் ரொம்பப் படுத்தக் கூடாது. நாத்தனாருக்கு நடுவில் சமையல் குறிப்பு இருந்தால் நல்லது. தம்பி, “போரடிக்காம இருந்தா சரிக்கா” என்றான்.

இந்த நாலையும் கூட்டிப் பார்த்தால் வருவது, அமெரிக்காவில் ‘கோஸி மிஸ்டரி’ என்று தனி அலமாரி போட்டு விற்கிற ரகம். கோஸி என்றால் கதகதப்பு. குளிர் ஊரில் பிறந்த சொல்: வெளியே பனி, உள்ளே கணப்பு, மடியில் பூனை. மே மாசத்து மாம்பலத்தில் கதகதப்பு யாருக்கு வேண்டும்? நமக்கு ‘ஃபேனடிக் கொலைகள்’ என்று பெயர் மாற்றிக்கொண்டால் பொருந்தும்.

இந்த ரகத்துக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. துப்பறிகிறவர் போலீஸ் இல்லை, அநேகமாக ஒரு பெண். ஊர் சின்னது. பிணம் சீக்கிரமே விழுந்துவிடும், ஆனால் அதன் பக்கத்தில் போய் நாம் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும். கொலையாளி வெளியூரிலிருந்து வந்த கூலிப்படை ஆளாக இருக்க மாட்டார். பத்துப் பக்கத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டே காபி ஊற்றிக் கொடுத்தவராக இருப்பார். வேரைத் தேடிப் போனால் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளிடம் போய் நிற்கும். அந்தப் பாட்டியின் முதல் நாவல் 1930இல் வந்தது. இப்படிப்பட்ட கதைகளுக்கென்றே மாலிஸ் டொமெஸ்டிக் என்ற மாநாடு அமெரிக்காவில் 1989 முதல் நடக்கிறது. அங்கே கொடுக்கும் விருதுக்குப் பேர் ‘அகதா’. பரிசு, ஒரு டீபாட்.

மிஸ் மார்ப்பிளுக்குக் கடை கிடையாது. பின்னால் வந்த அமெரிக்க எழுத்தாளர்கள்தான் கடையைத் திறந்தார்கள். ஒரு தீவில் துப்பறியும் நாவல்கள் மட்டும் விற்கிற கடையை வைத்து கரோலின் ஹார்ட் எழுதிய ‘டெத் ஆன் டிமாண்ட்’ 1987இல் வந்தது. இந்த வழிக்கு முன்னோடிகளில் ஒன்று. ஏன் கடை என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. வீட்டில் இருக்கிற பெண் பக்கத்து வீட்டுக்குப் போய், “நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?” என்று கேட்டால் அடுத்த நாள் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணிகூடக் கிடைக்காது. கடைக்காரி கேட்கவே வேண்டாம். துணியை அளந்து கிழிக்கிற நேரத்துக்குள் மருமகள் சண்டையிலிருந்து மாடி வீட்டு அட்வான்ஸ் பாக்கி வரை தானாக வந்து கல்லாவில் விழும். இது ஊர் சின்னதா பெரிதா என்பதைப் பொறுத்ததில்லை. சென்னையில் ஒவ்வொரு தெருவும் ஒரு சின்ன ஊர்தான்.

ஆனால் ஒரு கடைக்காரியாக எனக்கு இந்தப் புத்தகங்களில் ஒரு எரிச்சலும் உண்டு. பாதி நாவல்களில் கடை வெறும் போர்டு. பேக்கரியை எடுத்துவிட்டுப் பூக்கடையை வைத்தால் கதையில் ஒரு வரியும் மாறாது. அதனால் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: கொலையைக் கண்டுபிடிப்பது அந்தத் தொழிலா, இல்லை அந்தத் தொழில் செய்கிற பெண்ணின் வம்பு ஆசையா?

நான் சொல்வது புரிய எங்கள் கவுன்டரில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். மயில்கழுத்துப் பட்டுப்புடவையோடு ஒரு அம்மா வருகிறார் என்று வையுங்கள். அந்த நிறம் ஒரே சாயம் இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கே ஓடுவதால் மடிப்புத் திரும்பும்போதெல்லாம் நிறம் திரும்பும். ட்யூப்லைட்டுக்குக் கீழே நான் எடுத்துப் போடுகிற பிட் அச்சாகப் பொருந்தும். அதை நம்பிக் கிழிக்க மாட்டேன். புடவை முந்தானையையும் பிட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரச் சொல்வேன். வெயிலில் வைத்தால் அதே பிட் ஒரு கரும்பச்சையாகப் பல்லிளிக்கும். இரண்டு சாயமும் வேறு வேறு. கடை விளக்கு அந்த வித்தியாசத்தை மூடி மறைக்கும், வெயில் காட்டிக் கொடுத்துவிடும். எம்.எஸ். ப்ளூவில் இன்னும் மோசம். வெங்காயத்தோல் கலர் என்று கேட்டு வருகிறவர்களில் இரண்டு பேர் மனசில் ஒரே நிறம் இருந்து நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் தெரிந்த ஒருத்தியிடம், “அன்றைக்குச் சாயங்காலம் மண்டபத்தில் அவர் கட்டியிருந்தது நீலப் புடவைதான்” என்று ஒருவர் சாட்சி சொன்னால் அவள் முதலில் கேட்பது, “எந்த லைட்டுல பார்த்தீங்க?” என்பதாகத்தான் இருக்கும். இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கேள்வி தோன்றாது. கடை துப்பறிவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த அளவை வைத்துக்கொண்டு, ஐந்தாறு கடைகளுக்குள் நுழைந்து வந்தேன்.

முதலில் பேக்கரி. ஜோஆன் ஃப்ளூக் எழுதும் ஹானா ஸ்வென்சன் தொடர் 2000இல் ‘சாக்லேட் சிப் குக்கி மர்டர்’ நாவலோடு தொடங்கியது. மின்னசோட்டாவில் லேக் ஈடன் என்ற கற்பனை ஊர், ‘தி குக்கி ஜார்’ என்ற கடை. பால் வண்டி ஓட்டுகிறவர் கடைக்குப் பின்னால் வண்டியிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். சுற்றிலும் ஹானா சுட்ட பிஸ்கட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஆரம்பம் கச்சிதம். தங்கை புருஷன் போலீஸில் இருக்கிறார். சனங்கள் யூனிஃபார்முக்குச் சொல்லாததை பிஸ்கட் கடையில் சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும். அம்மாவுக்கோ முப்பதைத் தொட்ட மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்ற ஒரே கவலை. பார்க்கிற ஆண்களையெல்லாம் மாப்பிள்ளையாகவே பார்க்கும் அந்த அம்மாவை நம் தெருவில் கொண்டுவந்து விட்டால் யாரும் வெளியூர் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்தத் தொடருக்குள் போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒரு பல் டாக்டரும் ஒரு போலீஸ்காரரும் ஹானாவைச் சுற்றி வருவார்கள். ‘இவரா, அவரா’ என்ற அந்தக் கேள்வி புத்தகம் புத்தகமாக இழுக்கும். நம் சாயங்கால மெகா சீரியல் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். நான் நாலாவது புத்தகத்தில் இறங்கிவிட்டேன். இரண்டாவது, குறிப்புகள். அத்தியாயங்களுக்கு நடுவே பிஸ்கட் செய்முறை வந்துகொண்டே இருக்கும், நாத்தனாருக்குக் கொண்டாட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தே பார்த்தோம். ‘ஒரு ஸ்டிக் வெண்ணெய்’ என்றால் அமெரிக்கக் கணக்கில் 113 கிராம். 350 டிகிரி என்றால் அது ஃபாரன்ஹீட், நம் அவனில் 175ஐ ஒட்டி வைக்க வேண்டும். நாத்தனார் 350ஐத் தேடினாள், முள் 250க்கு மேல் போகவில்லை, சரி என்று கடைசிவரை திருகி வைத்தாள். வந்ததை விறகு என்று சொன்னால் விறகுக்கு அவமானம். குறிப்புக்காக வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை அட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். துப்பறிகிற விஷயத்தில் கடைக்கு என் மார்க் சுமார்தான். வதந்தி வந்து குவிகிற இடமாக பேக்கரி வேலை செய்கிறது; மாவும் அடுப்பும் பெரிதாகச் சாட்சி சொல்வதில்லை.

அடுத்தது டீக்கடை. நம் ஊர் டீக்கடை பெஞ்சு ஞாபகத்தோடு போனால் ஏமாந்துபோவீர்கள். லாரா சைல்ட்ஸ் எழுதும் தொடரில் இருப்பது தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய தெருவில் உள்ள ‘இண்டிகோ டீ ஷாப்’. பீங்கான் கோப்பை, மேஜை விரிப்பு, பால் சேர்க்காத டீ. விளம்பரத் தொழிலை விட்டுவிட்டு வந்த தியோடோசியா பிரௌனிங்தான் முதலாளி. டீ கலக்கும் கலையில் கரைகண்ட டிரேட்டன் அவருக்கு வலது கை. முதல் நாவல் 2001இல் வந்தது. பேர் ‘டெத் பை டார்ஜீலிங்’. பழைய மாளிகைகளைச் சுற்றிக் காட்டும் விழா ஒன்றில், இவர்கள் டீ ஊற்றிக்கொண்டிருக்கும் இடத்தில், கையில் கோப்பையோடு ஒருவர் செத்துக் கிடக்கிறார். இடத்தை வளைத்துப் போட்டுக் கட்டடம் கட்டுகிற புரமோட்டர். (இதைப் படித்த தம்பி, “அப்ப சந்தேகப்பட ஊரே இருக்குமே!” என்றான். சரிதான்.)

இதில் கடைக்கு வேலை இருக்கிறது. கோப்பையில் கொலை என்றதும் கடை பேர் கெட்டுப்போகிறது, யாபாரம் ஆட்டம் காண்கிறது. அதனால் தியோடோசியா துப்பறிய வேண்டிய கட்டாயம். எனக்கு இந்தக் காரணம் பிடித்தது. சும்மா வம்புக்குப் போகிறவளைவிடக் கல்லாவைக் காப்பாற்றப் போகிறவளை நான் நம்புவேன். டீயைப் பற்றிய பேச்சும் தரமாக இருக்கிறது. 2004-05இல் இந்தியாவிலேயே முதல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு டார்ஜீலிங் தேயிலை. அதைப் பற்றி நாம் பேசுவதைவிட அதிகமாக இந்த சார்ல்ஸ்டன்காரர்கள் பேசுகிறார்கள். டிகிரி காபியில் வளர்ந்த மாமிக்கு இது சகிக்கவில்லை: “வெந்நீர்ல இலையைக் காட்டிட்டு அதுக்கு இவ்வளவு வர்ணனையா?” குறை என்று பார்த்தால் இந்த வர்ணனைதான். ஒவ்வொரு விருந்துக்கும் மேஜை அலங்காரம் ஒரு பக்கம் போகும், கொலை அந்த ஓரத்தில் காத்துக்கொண்டு நிற்கும். வரிசை தவறிப் படித்தாலும் பாதகம் இல்லாத தொடர் என்பது ஒரு வசதி. எது கையில் கிடைக்கிறதோ அதைப் படிக்கலாம்.

புத்தகக் கடைக் கொலைகள் தனி ஒரு கூட்டம். படிக்கிறவர்களுக்குப் புத்தகக் கடை என்றாலே ஒரு சபலம் இருப்பதால் பதிப்பாளர்கள் விடாமல் போடுகிறார்கள். நான் எடுத்தது லோர்னா பாரெட்டின் ‘மர்டர் இஸ் பைண்டிங்’, 2008. நொடித்துப்போன ஊர் ஒன்று, தெரு முழுக்கப் புத்தகக் கடைகளைக் கொண்டுவந்து நிமிர்ந்த கதை. வேல்ஸ் நாட்டில் ஹே-ஆன்-வை என்று நிஜமாகவே அப்படி ஒரு ஊர் இருக்கிறது. துப்பறியும் நாவல் கடை வைத்திருக்கும் டிரிஷியா, பக்கத்தில் சமையல் புத்தகக் கடை வைத்திருக்கும் பெண்மணி கத்திக்குத்துப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கிறாள். அந்தக் கடையிலிருந்து ஒரு அரிய பழைய சமையல் புத்தகம் காணோம். பழசுக்கு என்ன விலை, யாருக்கு அதன் மதிப்பு தெரியும் என்ற கேள்விகள் வருவதால் தொழில் கொஞ்சம் துப்பறிகிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மூர் மார்க்கெட்தான் ஓடியது. 1985இல் எரிந்துபோவதற்கு முன்னால் அப்பா அங்கே என்னைக் கூட்டிப்போவார். எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு என்று அந்தக் கடைக்காரர்கள் சொல்லும் விலை, புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. நம் முகத்தைப் பார்த்துச் சொல்வது. அப்படி ஒரு ஆள் துப்பறிந்தால் எப்படி இருக்கும்! டிரிஷியாவிடம் அந்தக் கண் இல்லை. அவள் நல்ல வாசகி, கடைக்காரி முக்கால்வாசிதான்.

பிறகு ஒருநாள் தையல் கடைக்குள் நுழைந்தேன். மோனிகா ஃபெரிஸின் ‘க்ரூவல் வேர்ல்ட்’, 1999. மின்னசோட்டாவில் எக்ஸெல்சியர் என்ற ஏரிக்கரை ஊர். மேப்பில் தேடினால் கிடைக்கிற நிஜ ஊர். அங்கே எம்பிராய்டரி நூலும் ஊசியும் துணியும் விற்கிற கடையை மார்கோ நடத்துகிறாள். அவளிடம் தங்க வந்த சகோதரி பெட்ஸிக்கு விவாகரத்து ஆகியிருக்கிறது, ஊசியில் நூல்கூடச் சரியாகக் கோக்கத் தெரியாது. மார்கோ கொலையாகிறாள். கடை பெட்ஸி தலையில் விழுகிறது.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரக்கு தெரியாத ஒருத்தி கல்லாவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது. வருகிறவர்கள் கேட்பது எந்த டிராயரில் இருக்கிறது என்று தெரியாமல் விழிப்பதும், கடையில் வேலை பார்க்கிறவர் முதலாளியைவிட விவரமாக இருப்பதும், பழகிய வாடிக்கைக்காரர்களே உள்ளே வந்து எடுத்துக் கொடுப்பதும், என் மாமியார் போன பிறகு முதல் ஆறு மாசம் எனக்கு நடந்தவை. திங்கள்கிழமைதோறும் கடையில் கூடித் தைக்கிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. கை வேலை செய்யும்போது வாய் என்ன பேசும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்ஸி தையல் கற்றுக்கொள்ளும் வேகத்தில்தான் நாமும் கற்றுக்கொள்கிறோம். புத்தகத்தின் கடைசியில் குறிப்புக்குப் பதில் தையல் பேட்டர்ன் இருக்கும். (நாத்தனார் முகம் இரண்டு நாள் சரியில்லை.)

அதே வருஷம் வந்த இரண்டாவது புத்தகம் ‘ஃப்ரேம்ட் இன் லேஸ்’. ஏரிக்கடியில் மூழ்கிக் கிடந்த பழைய படகை மேலே தூக்குகிறார்கள், அதில் ஒரு எலும்புக்கூடு. துப்பு என்று கிடைப்பது லேஸ் மாதிரி ஒரு துண்டுத் துணி. போலீஸுக்கு அது வெறும் கந்தல். தையல்காரப் பெண்களுக்கோ பின்னல் ஒரு கையெழுத்து மாதிரி. எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கிற அக்கா, கை ஓரத்தில் போட்ட ஹெம்மிங்கைப் பார்த்தே எந்த டெய்லர் கை என்று சொல்லிவிடுவார். பேக்கரிக்காரியால் இந்த வழக்கை நெருங்கியே இருக்க முடியாது, டீக்கடைக்காரியாலும் முடியாது. என் அளவுகோலுக்கு நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே கடை இதுதான். இங்கிலீஷும் நேரானது, தையல் சொற்கள் சில முட்டும், அதற்கு நான் இருக்கிறேன்.

டீச்சர் கொண்டுவந்த புத்தகம் வேறு தினுசு. மியா மனன்சாலாவின் ‘ஆர்செனிக் அண்ட் அடோபோ’, 2021. முதல் நாவலுக்கான அகதா விருது வாங்கியது. இல்லினாய் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குடும்பம் நடத்தும் ஹோட்டல். காதல் முறிந்து ஊர் திரும்பிய லைலா அத்தைக்குக் கை கொடுக்கிறாள். அவளுடைய பழைய காதலன் இப்போது ஹோட்டல்களைத் திட்டி எழுதுகிற ஆள். அத்தை கடையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுந்து சாகிறான். சந்தேகம் லைலா மேல். வீடு முழுக்கச் சொந்தம், சொந்தம் முழுக்கச் சாப்பாடு, ஏப்ரல், மே, ஜூன் என்று பெயர் வைத்த மூன்று ஆன்ட்டிகள் எல்லார் கல்யாணத்திலும் மூக்கை நுழைத்துக்கொண்டு. மற்ற நாவல்களில் கதாநாயகி தனி ஆளாக ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். இங்கே லைலா வாசல்படி தாண்டுவதற்குள் மூன்று பேர், “எங்க கிளம்பிட்ட?” என்று கேட்கிறார்கள். அதுதான் நம் வீடு. தம்பி ஒரே மூச்சில் முடித்தது இதை மட்டும்தான். கடை துப்பறிகிறதா என்றால் ஓரளவுக்கு. வீடு துப்பறிகிறது என்று சொல்லலாம்.

சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் டீக்கடை வைத்திருக்கும் அறுபது வயது வேரா வாங்கைப் பற்றி ஜெஸ்ஸி சுடான்டோ எழுதியதும் (2023) இந்த வரிசையில் வரும். சின்ன ஊர் இல்லை, ஆனால் யாருமே வராத கடை. பிணத்தின் கையிலிருந்த பென் டிரைவைப் போலீஸ் வருவதற்கு முன்னால் வேரா எடுத்து ஒளித்துக்கொள்கிறாள். மாமியிடம் கொடுத்தால் இரண்டு நாளில் திருப்பித் தருவார் என்பது என் கணக்கு. வேராவுக்கும் அவருக்கும் ஒரே குணம்.

இவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்தில் இல்லையா என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. ஹரிணி நாகேந்திராவின் ‘தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ 2022இல் வந்தது. 1921இன் பெங்களூர், டாக்டர் கணவன், புடவை கட்டிக்கொண்டு துப்பறிகிற காவேரி. பின்னால் சமையல் குறிப்பும் உண்டு, அதுவும் நாம் செய்யக்கூடிய குறிப்பு. கோஸிக்கான எல்லாம் இருக்கிறது, கடை மட்டும் இல்லை. தமிழில் என்றால் தேவனின் சாம்பு. 1942இல் ஆனந்த விகடனில் வந்தவர், பேங்க் குமாஸ்தா, அசட்டு முழி, அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கிறவர். ரத்தமே இல்லை. மாமி தன் பழைய பேங்க் நண்பர்களையெல்லாம் சாம்புவில் பார்க்கிறார். பிறகு வந்த நம் ஆட்களைப் பாருங்கள்: சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும் வக்கீல்கள், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் ஏஜென்சி வைத்திருப்பவர்கள். நான் படித்தவரை மளிகைக் கடைக்காரரோ டெய்லரோ கண்டுபிடித்த கொலை ஒன்று இல்லை. வேடிக்கை என்னவென்றால் பாக்கெட் நாவல்கள் எல்லாம் பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கியவை. கொலை கடையில் தொங்கியது. கடை கொலைக்குள் நுழையவே இல்லை.

வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். இவை பெரும்பாலும் அமெரிக்காவில் அச்சாகிற கையடக்கப் பதிப்புகள். பெரிய புத்தகக் கடைகளில் கிறிஸ்டி வரிசையாக நிற்பார், இவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கன்னிமாராவில் இருக்கும் என்று எழும்பூருக்குப் போய் நிற்காதீர்கள். 1954ஆம் வருஷச் சட்டப்படி அங்கே வந்து சேர வேண்டியவை இந்தியாவில் பதிப்பிக்கும் புத்தகங்கள். வாடகை நூலகப் பழக்கம் உள்ளவர்கள், 1955 முதல் நடக்கும் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி மாதிரியான இடங்களில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். கிண்டிலில் வாங்கினால் எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம். கண்புரை ஆபரேஷன் ஆன மாமிக்கு அது சௌகரியம். ஆனால் ஐந்து பேர் சுற்றுக்கு விட அது ஆகாது. பழைய புத்தகத்தை ஆன்லைனில் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. எனக்கு வந்த பேக்கரிப் புத்தகம் ஒன்றில் கடைசிப் பன்னிரண்டு பக்கம் காணோம். துப்பறியும் நாவலில் எந்தப் பக்கம் போனாலும் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பன்னிரண்டு போகலாமா? விற்றவரிடம் சொன்னதற்கு, “மற்ற பக்கமெல்லாம் நல்ல கண்டிஷன்தானே மேடம்” என்று பதில் வந்தது.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது. மழைக்காலத் தொடராக மோனிகா ஃபெரிஸின் முதல் இரண்டு புத்தகம், அதே வரிசையில். இரண்டாவதுதான் உசத்தி என்றாலும் முதலாவதைத் தாண்டிப் போகக் கூடாது. பெட்ஸிக்கு அந்தக் கடை எப்படி வந்தது என்று தெரியாமல் அவள் லேஸைப் பார்க்கிற பார்வை புரியாது. நடுவில் இளைப்பாற லைலாவின் ஹோட்டல். குறிப்பு வேண்டும் என்ற நாத்தனாருக்கு அதில் குறிப்பும் இருக்கிறது. தியோடோசியாவின் டீயை யாராவது ரயில் பயணத்துக்கு எடுத்துப் போகட்டும். ஹானாவை, அந்த அம்மாவுக்காக, முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் கூட்டத்தில் தையல் என்றால் கொட்டாவி விடுகிறவர்கள் அதிகம் என்றால் நேராக லைலாவிடம் போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சுற்று ஆரம்பித்துவிட்டது. முதல் வாரம் மாமி கையில் இருந்தது. திரும்பி வந்த புத்தகத்தைப் புரட்டினால் நாற்பதாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் ஒரு பெயர் எழுதி, கீழே இரண்டு கோடு. “தெரிஞ்சுபோச்சு, குறிச்சு வெச்சேன்” என்கிறார். சரியான பெயரா தப்பான பெயரா என்று நான் சொல்லப் போவதில்லை. டீச்சர் நாளைக்கு வாங்க வருவதற்குள் துணியில் சாக்குக் கோடு அழிக்க வைத்திருக்கிற ரப்பரால் அதை அழித்துக்கொண்டிருக்கிறேன். அழுத்தி எழுதியிருக்கிறார், தடம் போகவில்லை.